விலை இறங்கினால் வாங்கிக்கொள்வேன்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருஞ்சாலையில், புசல்லாவையைக் கடந்தபின் வருவது இறம்பொடை. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றுக்கிடையே கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என மரக்கறிப் பாத்திகள். கரட்டுக்கு விலை குறிப்பவர் எவருமில்லை. பிடுங்கிய நாளன்று சந்தைக்கு எத்தனை லொறிகள் வந்து சேர்ந்தன என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. விதைக்கும் நாளில் ஒரு விலை, பிடுங்கும் நாளில் வேறொரு விலை.

இப்பாத்திகளில் ஒன்றுக்கு உரியவர் இரண்டு மாதத்தில் ஆயிரம் கிலோ கரட் பிடுங்கவிருக்கிறார் எனக் கொள்க. அன்றைய விலை கிலோவுக்கு 200 ரூபாய். அது சரிந்துவிடுமோ என்பது அவர் அச்சம். ஊருக்கு வந்து போகும் வியாபாரி ஒருவர் அவரிடம் சொல்கிறார்: "கிலோவுக்குப் பத்து ரூபாய் வீதம் இப்போதே எனக்குத் தந்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் விலை எவ்வளவு இறங்கினாலும், நீங்கள் விரும்பினால், கரட் முழுவதையும் 160 ரூபாய்க்கு நான் எடுத்துக்கொள்கிறேன். விலை நன்றாக இருந்தால் வேறெவருக்கும் விற்றுக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்." தோட்டக்காரர் பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார்.

உலகப் பங்குச் சந்தைகளில் 'புட்' என வழங்கும் ஒப்பந்தத்தின் உட்பொருள் இவ்வளவே. பணம் கொடுத்தவர் ஓர் உரிமையை வாங்கினார். பணம் பெற்றவர் ஒரு கடமையை ஏற்றார். விற்பதா விடுவதா என்று தெரியும் அதிகாரம் முழுவதும் பணம் கொடுத்தவரிடமே உள்ளது. பெற்றவருக்கு அவ்வதிகாரம் ஒரு துளியும் இல்லை. இதை மறந்துவிடுவோர் பலர். கைக்குப் பணம் வந்தவுடன், தாம் ஏதோ ஒரு பொருளை விற்று முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அன்றுதான் அவர்களுடைய வியாபாரம் தொடங்குகிறது.

விலை 250 ரூபாய்க்கு ஏறினால் தோட்டக்காரர் சந்தையில் விற்பார். வியாபாரிக்குப் பத்தாயிரம் மிச்சம். விலை 60 ரூபாய்க்கு விழுந்தாலோ, ஆயிரம் கிலோவும் வியாபாரியின் வாசலுக்கு வரும். அறுபதாயிரம் பெறுமதியான சரக்குக்கு அவர் ஓர் இலட்சத்து அறுபதாயிரம் கொடுக்க வேண்டும். முன்பு பெற்ற பத்தாயிரத்தைக் கழித்தாலும் தொண்ணூறாயிரம் நட்டம். அவருடைய இலாபத்துக்கு மேல்வரம்பு உண்டு. அது முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. நட்டத்தின் எல்லையோ வெகு தொலைவில் இருக்கிறது.

இவ்வாறு வாக்குக் கொடுத்த வியாபாரியிடம் அத்தனை பணம் உண்டா என்று தோட்டக்காரர் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்தைப் போக்க, வியாபாரி ஓர் இலட்சத்து அறுபதாயிரத்தையும் தனியே வங்கியிலிட்டு, ஒப்பந்தம் முடியும்வரை அதைத் தொடுவதில்லை என இணங்கலாம். முழுப் பணத்தையும் ஒதுக்கிவைத்துப் 'புட்' விற்பது என்பது இதுவே. நிதானமான முறை என்று இதைப் பலரும் புகழ்வர். புகழ்ச்சியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் ஒதுக்கிவைத்த பணம் யாரைக் காக்கிறது? தோட்டக்காரரைக் காக்கிறது, வியாபாரி வாக்குத் தவறமாட்டார் என்று அவருக்கு உறுதியளிக்கிறது. அறுபது ரூபாய்ச் சரக்கை நூற்றறுபதுக்கு வாங்கும் விதியிலிருந்து வியாபாரியை அது காப்பதில்லை.

ஒதுக்கிவைக்காத வாக்குறுதி என்னவாகும் என்பதை மலைநாடு தேயிலைக்கு முன்பே கண்டிருக்கிறது. கோப்பிக் காலத்தில் ஒறியன்டல் வங்கியின் தாள்கள் இலங்கையெங்கும் கைமாறின. தாளைக் கொண்டுவந்தால் அதிற் குறித்த நாணயம் தரப்படும் என்பதே ஒவ்வொரு தாளும் சுமந்த வாக்கு. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஆண்டுக்காண்டு அழித்துவர, அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அவ்வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. தாள் வைத்திருந்தோர் திகைத்தபோது, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பெயரால் அத்தாள்களுக்குப் பொறுப்பேற்றார். வாக்கைக் காப்பாற்ற வேறொருவர் வந்தது அந்த மக்களின் நல்வினை.

'புட்' வியாபாரம் ஒழுங்கான சந்தையாக உருப்பெற்றது சிக்காகோ நகரில். பங்குகளின் மீதான உரிமைகளை விற்கவும் வாங்கவும் 1973 ஏப்ரலில் அங்கு ஒரு மாற்றுச் சந்தை திறக்கப்பட்டது. முதலில் வாங்கும் உரிமைகள் மட்டுமே கைமாறின. விற்கும் உரிமையாகிய 'புட்' 1977 இல் வந்து சேர்ந்தது. நூறு பங்குகள் ஓர் ஒப்பந்தம் என்பது வழக்கம். உரிமைக்குரிய கட்டணம் எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். விலை அமைதியாக நகரும் பொருளுக்குக் கட்டணம் சிறிது. துள்ளி விழும் பொருளுக்குக் கட்டணம் பெரிது. ஆகவே கட்டணத்தை நாடிச் செல்பவர், தாம் அறியாமலே மிகவும் துள்ளும் பொருளிடம் போய்ச் சேர்கிறார்.

இலங்கையில் இப்படி ஒரு விற்பனை நாட்டின் கருவூலத்தையே உலுக்கியது உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், எண்ணெய் விலையேற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள 2007 ஆம் ஆண்டில் வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்யத் தொடங்கியது. நோக்கம் குறை கூறத்தக்கதன்று. எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடு இது; இறம்பொடை வளைவுகளில் முக்கி முனகி ஏறும் பேருந்துக்கும் தேயிலை ஏற்றிய லொறிக்கும் கடல்கடந்து வந்த டீசலே உயிர். விலை ஒரு வரம்பைத் தாண்டினால் வித்தியாசத்தை வங்கி தரவேண்டும் என்ற காப்பைக் கூட்டுத்தாபனம் நாடியது. அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணத்தைக் காசாகக் கொடுப்பதற்குப் பதிலாக, விலை இறங்கினால் வித்தியாசத்தைத் தானே வங்கிக்குத் தருவதாகக் கூட்டுத்தாபனம் ஒப்புக்கொண்டது. வேறு சொற்களிற் கூறினால், அது வங்கிகளுக்குப் 'புட்' விற்றது. செலவில்லாத காப்பு என்று இதற்குப் பெயர். செலவில்லாத பொருள் எதையும் சற்றுத் திருப்பிப் பார்ப்பது நன்று.

ஜேர்மனியின் டொய்ச்சே வங்கியோடு 2008 ஜூலையில் செய்த ஒப்பந்தத்தை உதாரணமாகக் கொள்ளலாம். பீப்பாய்க்கு 112.50 டொலர் என விலை குறிக்கப்பட்டது. மாதத்துக்கு ஒரு இலட்சம் பீப்பாய்கள். காலம் ஓர் ஆண்டு. விலை அதற்கு மேலே சென்றால் வங்கி தரும். ஆனால் வங்கி கொடுக்கும் மொத்தத் தொகை 25 இலட்சம் டொலரை எட்டியவுடன் ஒப்பந்தம் முடிந்துவிடும். விலை கீழே சென்றால் கூட்டுத்தாபனம் தரும். அந்தப் பக்கத்தில் இத்தகைய வரம்பு இல்லை. விலை 40 டொலரானால் பீப்பாய்க்கு 72.50 டொலர், ஒரு மாதத்துக்கு 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கூட்டுத்தாபனம் செலுத்தவேண்டும். வங்கியின் முழு ஆண்டுப் பொறுப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, ஒரே மாதத்தில்.

அமெரிக்க மசகெண்ணெயின் விலை அந்த ஜூலை மாதத்திலேயே 147 டொலரைத் தொட்டது. இருநூறு டொலரை எட்டும் என்று அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. செப்டெம்பரில் நியூயோர்க்கின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. உலக வாணிபம் உறைந்தது. டிசெம்பரில் எண்ணெய் 40 டொலருக்கும் கீழே இறங்கியது. ஐந்து மாதத்தில் இத்தகைய சரிவை எதிர்பார்த்தவர் அரிது. ஆனால் 'புட்' விற்றவர் எதிர்பாராததற்கே கட்டணம் பெறுகிறார்.

எண்ணெய் மலிந்தால் கூட்டுத்தாபனத்துக்கு இறக்குமதிச் செலவும் குறையுமன்றோ, அந்த இலாபம் இந்த நட்டத்தை ஈடுசெய்யாதா என நேயர்கள் வினவலாம். உள்நாட்டில் பழைய விலைக்கே விற்றிருந்தால் ஓரளவு ஈடுசெய்திருக்கும். ஆயின் உலகில் எண்ணெய் மலியும்போது நாட்டிலும் மலியவேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயமே. 2008 நவம்பர் இறுதியில் உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் செலுத்துவதை நிறுத்திவைத்தது. டிசெம்பரில், பெற்றோலை லீற்றர் 100 ரூபாய்க்கு விற்குமாறும் கட்டளையிட்டது. அரசாங்கம் அந்த விலையை நடைமுறைப்படுத்தவில்லை; 2009 ஜனவரியில் இடைக்கால உத்தரவுகள் நீக்கப்பட்டன. வழக்குகள் கடல்கடந்தன. ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 16 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை உரியதென இலண்டன் நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. இத்தகைய ஒப்பந்தம் செய்யத் தனக்கு அதிகாரமே இல்லை என்று கூட்டுத்தாபனம் எழுப்பிய வாதம் அங்கு எடுபடவில்லை. அதே ஆண்டில் சிட்டி வங்கியின் கோரிக்கையை மத்தியஸ்தர்கள் தள்ளுபடி செய்தனர். 2012 ஒக்டோபரில் டொய்ச்சே வங்கிக்கு 6 கோடி டொலருக்கு மேல் இலங்கை தரவேண்டுமென முதலீட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் விதித்தது. ஒரே வகை வாக்குறுதி மூன்று மன்றங்களுக்குச் சென்று, ஒன்றில் தப்பியது.

கூட்டுத்தாபனத்தின் பிழை, பணத்தை ஒதுக்காமல், அளவுக்கு மிஞ்சி வாக்குக் கொடுத்தமை. அப்படியானால் முழுப் பணத்தையும் ஒதுக்கி அளவோடு விற்பவருக்கு அச்சம் வேண்டாமா? அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளும் வாதம் ஒன்று உண்டு: "விலை இறங்கினால் பொருள் என் கைக்கு வரும். மலிவாக வாங்கியதாக எண்ணிக் காத்திருப்பேன். விலை மீளும்." பொருள் மிளகானால் இது சரி, காயவைத்து மூட்டை கட்டி நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தங்கமானால் மேலும் சரி. பொருள் கரட் ஆனால் என்ன செய்வது? வியாபாரியின் வாசலில் குவிந்த ஆயிரம் கிலோவும் இரண்டு வாரத்தில் வாடிப்போகும். மூன்றாம் மாதம் கரட் விலை மீண்டும் இருநூறாகலாம். அந்த விலையில் விற்க அவரிடம் கரட் இராது.

பங்குச் சந்தையிலும் வாடும் சரக்கு உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் எதிர்த்திசை நிதியங்கள் அவ்வகையின. 2010 இல் தொடங்கிய 'எஸ்.கியூ.கியூ.கியூ.' என்பது அவற்றுள் பெயர்பெற்றது. நாஸ்டாக் 100 எனப்படும் பங்குச் சுட்டெண் ஒரு நாளில் நூற்றுக்கு ஒன்று இறங்கினால் இந்நிதியம் மூன்று ஏறும்; சுட்டெண் ஒன்று ஏறினால் இது மூன்று இறங்கும். ஒவ்வொரு நாளும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இந்த 'ஒவ்வொரு நாளும்' என்ற சொல்லிலேதான் வாட்டம் ஒளிந்திருக்கிறது.

சுட்டெண் 100 இலிருந்து 110 க்கு ஏறி, மறுநாள் மீண்டும் 100 க்கு இறங்குகிறது எனக் கொள்க. முதல் நாள் பத்து வீதம் ஏற்றம். நிதியம் முப்பது வீதம் இழந்து 100 இலிருந்து 70 ஆகிறது. இரண்டாம் நாள் சுட்டெண் 110 இல் பத்தை இழக்கிறது. இது நூற்றுக்கு 9.09. அதன் மும்மடங்காகிய 27.27 வீதம் நிதியம் ஏறுகிறது. ஆனால் எழுபதின்மீது ஏறுகிறது. விளைவு 89.09. சுட்டெண் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. நிதியம் நூற்றுக்குப் பதினொன்றை வழியிலே தொலைத்துவிட்டது. இப்படி மும்முறை ஏறி இறங்கினால் எஞ்சுவது எழுபத்தொன்றுக்கும் குறைவு. முதல் நாள் இறக்கமும் மறுநாள் ஏற்றமுமாக மாற்றிப் பார்த்தாலும் மிஞ்சுவது 86.67 தான். ஒரே நாளில் பத்து வீத அசைவு அரிது என்பது உண்மை. சிறு அசைவுகளில் இழப்பும் சிறிதாகும். ஆயினும் ஆண்டில் இருநூற்றைம்பது நாள் சந்தை நடக்கிறது. அத்துடன் நெடுங்காலத்தில் சுட்டெண் ஏறியே வந்திருக்கிறது. எனவே எதிர்த்திசையில் நிற்பது நாளொரு படியாகத் தேய்ந்திருக்கிறது. விலை மிகத் தாழ்ந்தபோதெல்லாம் நான்கைந்து பங்குகளை ஒன்றாக இணைத்து, விலையை உயர்த்திக் காட்டும் வேலையை நிதியத்தார் பலமுறை செய்திருக்கின்றனர்.

இறம்பொடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாடுகளில் உழைக்கின்றனர். அங்கே இத்தகைய சந்தை கைத்தொலைபேசியிலேயே திறந்து கிடக்கிறது. லயத்திலிருந்து வெளியேறி ஏழு பேர்ச் காணியில் பெற்றோருக்கு ஒரு வீடு கட்டவென ஒரு மகன் 9,000 டொலர் சேர்த்திருக்கிறான் எனக் கொள்க. நிதியத்தின் விலை 20 டொலர். ஒரு மாதத்தில் முடியும், 18 டொலர் விலை குறித்த 'புட்' ஒன்றுக்கு அறுபது சதம் கட்டணம். ஐந்து ஒப்பந்தங்களை விற்கிறான். 9,000 டொலரும் ஒதுக்கப்படுகிறது. 300 டொலர் உடனே வந்து சேர்கிறது. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல், ஆண்டுக்கு நாற்பது. சீட்டுக் கட்டியும் வங்கியிலிட்டும் பழகிய குடும்பத்துக்கு இந்த எண் மயக்கம் தருவதில் வியப்பில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் நன்றாகவே செல்லக்கூடும்.

பின்பு ஒரு மாதம் பங்குச் சந்தை மளமளவென ஏறுகிறது. நிதியம் 12 டொலருக்கு இறங்குகிறது. ஐந்நூறு பங்குகள் 18 டொலர் வீதம் அவன் கணக்கில் விழுகின்றன. கொடுத்தது 9,000, கையிலிருக்கும் சரக்கின் பெறுமதி 6,000, அம்மாதக் கட்டணம் போக நட்டம் 2,700. ஒன்பது மாதக் கட்டணம் ஒரே மாதத்திற் போயிற்று. விலை மீளும் என்று அவன் காத்திருக்கிறான். மேலே கண்டதுபோல் சுட்டெண் ஒருமுறை ஏறி அதே இடத்துக்கு இறங்கினாற்கூட அந்தப் பன்னிரண்டு டொலர் பத்தரைச் சொச்சமாகிவிடும். அவன் வாங்கியது மிளகு அன்று. சந்தை பெருஞ்சரிவு கண்டால் நிதியம் துள்ளி எழும் என்பதும் உண்மையே. 2022 இல் சரிவு வந்தபோது அது எழுந்தது. ஆனால் உலகத்தின் வீழ்ச்சியை எதிர்பார்த்து வீட்டுப் பணத்தை நிறுத்திவைப்பது, வெயில் அடித்தால் நட்டம், இடி விழுந்தால் இலாபம் என்ற கணக்குப் போன்றது.

இத்தகைய நிதியங்கள் தேய்வதற்கும் காலம் எடுக்காத நாட்கள் உண்டு. 2018 பெப்ரவரி 5 ஆம் திகதி, சந்தையின் பதற்றத்தை அளக்கும் சுட்டெண்ணுக்கு எதிர்த்திசையில் அமைந்திருந்த 'எக்ஸ்.ஐ.வி.' என்ற பத்திரம் ஒரே நாளில் தன் பெறுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இழந்தது. அதை வெளியிட்ட கிரெடிட் சுவிஸ் வங்கி அந்த மாதத்திலேயே அப்பத்திரத்தை முடித்துவைத்தது. மும்மடங்குகூட அன்று, ஒரு மடங்கு எதிர்த்திசைதான்.  அதை வைத்திருந்தவர்களுக்கோ காத்திருப்பதற்கு நாளே இல்லாமற் போயிற்று.

நியூயோர்க் சந்தை கோடைகாலத்தில் இலங்கை நேரப்படி மாலை ஏழு மணிக்குத் திறந்து நள்ளிரவு கடந்து ஒன்றரைக்கு மூடும். 2025 ஏப்ரல் 9 ஆம் திகதி, இறம்பொடையில் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்னர், அமெரிக்க ஜனாதிபதி தாம் சில நாட்களுக்கு முன் விதித்த சுங்க வரிகள் பலவற்றைத் தொண்ணூறு நாளுக்கு நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அதற்கு முந்திய நாட்களில் சந்தை கடுமையாகச் சரிந்து எதிர்த்திசை நிதியம் உயரத்தில் நின்றது. 'புட்' கட்டணங்களும் வழக்கத்துக்கு மிஞ்சி இனித்தன. அறிவிப்பு வந்தபின் எஞ்சிய இரண்டரை மணி நேரத்துக்குள் நாஸ்டாக் 100 பாய்ந்தெழுந்து, அன்றைய நாளை ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு ஏற்றத்துடன் முடித்தது. மும்மடங்கு எதிர்த்திசை நிதியம் அதே நாளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்தது. மறுநாள் காலை தோட்டங்களில் பெரட்டுக்குச் சங்கு ஊதியபோது, அமெரிக்கச் சந்தை மூடி நான்கு மணி நேரம் கடந்திருந்தது.